வீட்டு சோலாருக்கு எர்த்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கரூர் பக்கம் வீட்டு மாடிகளில் சோலார் பொருத்தி, சோதித்துக் கொடுப்பது என் வேலை. எந்தப் பேனல் நல்லது, மானியம் எப்போது வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எர்த்துக்கான பச்சை வயரைப் பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உயிரோடு சம்பந்தப்பட்டது அதுதான் என்பதால், வீட்டுக்காரர்களும் கூட வேலை செய்யும் தம்பிகளும் அடிக்கடி கேட்பதைத் தொகுத்து எழுதுகிறேன்.

ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் 3 முதல் 10 கிலோவாட் வரையான வீட்டு இன்வெர்ட்டர்களைப் பற்றித்தான் (பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) இங்கே பேச்சு. இப்போது வருபவை பெரும்பாலும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. கீழே உள்ள பல பதில்களுக்கு அதுதான் காரணம். பெட்டியைத் திறந்து செய்யும் எந்த வேலைக்கும் உரிமம் உள்ள ஆளை வையுங்கள்.

"நியூட்ரலும் மண்ணுக்குத்தான் போகுது, எர்த்தும் மண்ணுக்குத்தான் போகுது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் வழி. ஃபேன் ஓடினால் நியூட்ரலில் கரண்ட் இருக்கும். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் அதை மண்ணோடு இணைத்திருப்பார்கள். எர்த் வயரிலோ சாதாரணமாகக் கரண்ட் ஓடக் கூடாது. ஏதாவது கெட்டுப்போகும்போது மட்டும் அது வேலை செய்ய வேண்டும்.

எர்த் என்று நாம் சொல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பேனல் சட்டம், ஸ்டாண்ட், இன்வெர்ட்டர் உடம்பு, டிசி பாக்ஸ், ஏசி பாக்ஸ் என எல்லா உலோகத்தையும் ஒன்றோடொன்று பிணைப்பது. இதைத்தான் பாண்டிங் என்கிறோம். இன்னொன்று, அந்தப் பிணைப்பை மண்ணுக்குக் கொண்டுபோவது. எல்லோரும் மண்ணில் கம்பி இறக்கும் எர்த் குழியைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு கை பேனல் சட்டத்திலும் மறு கை இன்வெர்ட்டரிலும் இருக்கும்போது ஆளைக் காப்பாற்றுவது பிணைப்புதான்.

"பேனல்ல கண்ணாடியும் அலுமினியமும்தானே இருக்கு? அதுல எப்படி சார் ஷாக் அடிக்கும்?"

550 வாட் பேனல் ஒன்று சுமை இல்லாமல் ஏறத்தாழ 50 வோல்ட் தரும். 3 கிலோவாட்டுக்கு 6 பேனலை வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட் டிசி. அணில் வயரைக் கடித்தாலும், கிளாம்புக்கு அடியில் வயர் நசுங்கினாலும் அந்த வோல்ட்டேஜ் சட்டத்துக்கு வந்துவிடும்.

வயர் கெடாவிட்டாலும் இன்னொன்று உண்டு. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செல்லும் வெளியே இருக்கும் அலுமினியச் சட்டமும் ஒரு கெப்பாசிட்டரின் இரண்டு தகடுகள் மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சில வகை இன்வெர்ட்டர்கள் ஓடும்போது பேனல் வயர்கள் இரண்டும் எர்த்தைப் பொறுத்து லைன் வோல்ட்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் ஏசியில் ஆடும். அந்தக் கெப்பாசிட்டரின் அளவு கிலோவாட்டுக்கு 100 நானோஃபாரட் என்று வைத்தால் 3 கிலோவாட்டுக்கு சுமார் 11 மில்லி ஆம்பியர் சட்டம் வழியாகக் கசியும். பச்சை வயர் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால், பேனல் கழுவப் போகிற ஆளின் உடம்பு வழியாகப் போகும். "சுருக்குன்னு இழுக்குது" என்று சொல்வது பெரும்பாலும் இதுதான்.

"பேனலை எல்லாம் ஜிஐ ஸ்டாண்ட்ல நட்டு போட்டு இறுக்கியாச்சு. இரும்போட இரும்பு தொட்டுட்டுத்தானே இருக்கு, தனியா பச்சை வயர் எதுக்கு?"

கண்ணுக்குத் தொடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அலுமினியச் சட்டத்தின் மேல் அனோடைஸ் பூச்சு இருக்கிறது. அது கரண்டைக் கடத்தாது. மல்டிமீட்டரைச் சட்டத்தின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள், ஒன்றும் காட்டாது. சுரண்டிவிட்டு வைத்தால்தான் காட்டும்.

அதனால் சட்டத்தில் எர்த் குறி போட்ட ஓட்டையில், பூச்சைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும் பல் வாஷரோடு லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்க வேண்டும். வெறும் செம்பை அலுமினியத்தின் மேல் வைக்காதீர்கள். ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே அரிப்பு தொடங்கி, ஓரிரு மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிடும். வெள்ளீயம் பூசிய லக், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போடுங்கள். கடற்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம். வயர் 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு.

இன்னொரு கவனம்: பேனலுக்குப் பேனல் வயரை வெட்டி வெட்டிக் கோத்தால், நடுவில் ஒரு பேனலைக் கழற்றுகிற அன்று அதற்கு அப்புறம் உள்ள எதற்கும் எர்த் இருக்காது. நான் ஒரே நீள வயரை ஓட்டி, ஒவ்வொரு சட்டத்துக்கும் கிளை எடுப்பேன். வேலை முடிந்ததும் கடைசிப் பேனல் சட்டத்துக்கும் இன்வெர்ட்டரின் எர்த் போல்ட்டுக்கும் இடையே தடையை அளக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பென்றால் ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும்.

"வீட்ல ஏற்கெனவே எர்த் இருக்கே. அதுலயே கட்டிக்கிட்டா என்னங்க?"

முதலில் அது உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள். அப்போது ஜிஐ குழாய், மண்ணுக்குள் ஓடியது. பிறகு எப்போதோ பி.வி.சி. மாற்றியிருப்பார்கள், எர்த் அன்றே போயிருக்கும். போர்வெல் கேசிங்கில் கட்டுவதும் இப்படித்தான். கேசிங்கும் இப்போது பி.வி.சி.யாக இருக்கிறது. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய ஜிஐ பைப்பை உப்பே தின்றிருக்கும்.

அளந்து பார்த்து நன்றாக இருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டாம், புதியதோடு சேர்த்துப் பிணைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கிறது என்பதற்காகப் புதியது போடாமல் விடவும் வேண்டாம்.

"மூணு குழி கண்டிப்பா வேணுமா? எங்க வீட்ல இடமே இல்ல. மூணையும் ஒண்ணா சேர்க்கவும் கூடாதாமே?"

வழக்கமாகக் கேட்பது மூன்று: பேனல் மற்றும் டிசி பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் மற்றும் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஆய்வுக்கு வருபவர் மூன்று கேட்டால் மூன்று போட்டுவிடுங்கள். அதில் தப்பில்லை. ஆனால் "சேர்க்கவே கூடாது" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கட்டுரை முழுவதிலும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய பதில் இதுதான்.

மின்னல் இடிதாங்கியில் விழுகிறது, அதில் 10,000 ஆம்பியர் மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னலில் இது குறைவான கணக்குதான். இடிதாங்கிக் குழி 5 ஓம். பெருக்கினால் 50,000 வோல்ட். அந்த நொடியில் இடிதாங்கிப் பட்டை மற்ற குழிகளைவிட 50,000 வோல்ட் மேலே நிற்கும். மாடியில் அந்தப் பட்டைக்குப் பக்கத்திலேயே பேனல் சட்டம் இருக்கிறது. அங்கிருந்து தாவினால் டிசி குழிக்கும் ஏசி குழிக்கும் நடுவே அந்த வித்தியாசம் வந்து நிற்கும். இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் இன்வெர்ட்டர்தான். எல்லாம் பிணைந்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். நடுவில் வித்தியாசம் அதிகம் வராது.

ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று குழியும் நல்ல அளவு காட்டின, மூன்றும் தனித்தனி. ஐப்பசி மழையில் ஒரு இடி. இன்வெர்ட்டரின் உள்பலகை கருகிப்போய், பக்கத்து அறை வைஃபை பெட்டியும் போயிருந்தது. குழியில் குறையில்லை, குழிகளுக்கு நடுவே ஒரு பட்டை இல்லை, அவ்வளவுதான். மூன்றையும் மண்ணுக்கு அடியிலோ தரைமட்டத்திலோ 25க்கு 3 மில்லிமீட்டர் ஜிஐ பட்டையால் இணையுங்கள். இடிதாங்கியிலிருந்து இறங்கும் பட்டை மட்டும் மாடியில் பேனல் சட்டத்தைத் தொடாமல், தள்ளி, நேராகக் கீழே வரட்டும். அது மற்றவற்றோடு சேர வேண்டியது கீழே, மண் மட்டத்தில்.

"எர்த் எத்தனை ஓம் இருக்கணும்? எங்க ரிப்போர்ட்ல மூணு குழியும் 0.8னு போட்டிருக்கு, நல்லதுதானே?"

5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது சோலார் வேலைகளில் வழக்கமாகக் கேட்கும் அளவு. இடிதாங்கிக்கு 10 ஓமுக்குள். மூன்று குழியும் ஒரே மாதிரி 0.8 என்றால், எனக்கு எதிரில் இன்னொரு முறை அளக்கச் சொல்வேன்.

ஏன் என்றால், 3 மீட்டர் நீளம், 17 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கம்பியை 100 ஓம் மீட்டர் தடை உள்ள மண்ணில் இறக்கினால் கணக்குப்படி வருவது சுமார் 35 ஓம். 20 ஓம் மீட்டர் உள்ள ஈரக் கரிசலில் அதே கம்பி 7 ஓம் தரும். எங்கள் பக்கம் செம்மண்ணும் அடியில் பாறையும்தான். ஒற்றைக் கம்பியில் 0.8 என்பது இங்கே நடக்காத காரியம். நல்ல அளவு வேண்டுமானால் கம்பிகளைக் கூட்ட வேண்டும். கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டு இறக்கினால்தான் இரண்டாவது கம்பிக்கு முழுப் பலன். பாறை தட்டினால் ஆழத்தோடு சண்டை போடாமல், பட்டையைப் படுக்கைவாக்கில் நீளமாகப் புதையுங்கள். கம்பியைச் சுற்றி பென்டோனைட் களிமண் கலவை போடுவது நல்லது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பைப் போல கம்பியை அரிக்காது. அளவை சித்திரை, வைகாசியில் எடுங்கள். மழை பெய்த மறுநாள் எந்தக் குழியும் நன்றாகத்தான் காட்டும்.

"பல்பு போட்டுப் பார்த்தோம் அண்ணே, பளிச்சுன்னு எரியுது. அப்ப எர்த் நல்லாத்தானே இருக்கு?"

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பு போட்டுப் பார்ப்பது பழைய பழக்கம். அந்தப் பல்பின் தடை சூடான நிலையில் 529 ஓம். எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். 230க்கும் 210க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பல்பு எரிந்தால் வயர் எங்கேயோ போய்ச் சேர்கிறது என்று மட்டும் அர்த்தம். சோதிக்கும் நேரத்தில் எர்த் வயர் அறுந்திருந்தால், பச்சை வயரோடு சேர்ந்த எல்லா உலோகத்துக்கும் ஃபேஸ் வந்துவிடும். இதை விட்டுவிடுங்கள். தூரத்தில் இரண்டு ஆணி அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

"எர்த் சரியா இருந்தா ஃபால்ட் வந்ததும் எம்சிபி விழுந்துடும். ஆர்சிசிபி எதுக்குத் தண்டச் செலவு?"

விழாது. எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் வெட்டும் சுவிட்ச், ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் சுவிட்ச். இன்வெர்ட்டர் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது, உங்கள் எர்த் அருமையாக 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த்தும் 5 ஓம் என்று வைப்போம். 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரணச் சுமை. அது பாட்டுக்கு நிற்கும். அந்த நேரம் முழுவதும் இன்வெர்ட்டர் உடம்பில் 115 வோல்ட் இருக்கும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் எர்த் 100 ஓமாக இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும், உடனே விழும். நம் ஊர் வீடுகளில் ஏசி பக்க ஃபால்ட்டில் லைனை வெட்டுவது ஆர்சிசிபிதான். அதற்குக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் வழி எர்த். ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றைத் தவிர்க்க முடியாது.

"இடிதாங்கி வெச்சா இடியை நாமளே கூப்பிட்ட மாதிரி ஆயிடாதா?"

தூரத்தில் போகிற மின்னலை அது இழுத்து வராது. உங்கள் வீட்டின் மேல் விழ இருப்பதை பேனலுக்குப் பதில் தான் வாங்கி, கீழே கொண்டுபோகிறது. இறங்கும் பட்டை செம்பாக இருந்தால் 50 ஸ்கொயர் எம்.எம். வேண்டும், வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் எங்கேயோ விழும் மின்னலால் வயரில் எழும் அலையைத் தடுப்பது எஸ்.பி.டி. அது டிசி பாக்ஸிலும் ஏசி பாக்ஸிலும் இருக்க வேண்டும். அதன் இரு பக்க வயர் நீளமும் கூட்டி அரை மீட்டருக்குள் இருந்தால்தான் முழுப் பயன். ஒவ்வொரு மீட்டர் வயரும் மின்னல் நேரத்தில் ஏறத்தாழ 1,000 வோல்ட் கூட்டும். அழகுக்காக வயரைச் சுருட்டி மடித்து வைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் எஸ்.பி.டி. தன் வேலையை முடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.

"ஈ.பி. கரண்ட் போனதும் இன்வெர்ட்டரும் நின்னுடுது. அப்ப பயமில்லாம எர்த் வயரைக் கழட்டலாம்ல?"

லைனில் கரண்ட் போனதும் இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்காக அது. ஆனால் வெயில் இருக்கும் வரை பேனலில் 300 வோல்ட் டிசி அப்படியே இருக்கும். எந்த சுவிட்சும் சூரியனை அணைக்காது. பச்சை வயர் கடைசியாகக் கழற்றப்பட வேண்டியது, முதலில் மாட்டப்பட வேண்டியது.

"சோலார் போட்டதுல இருந்து மழை வந்தா வீட்டு ஆர்சிசிபி விழுது. அதை எடுத்துட்டு வெறும் எம்சிபி போடச் சொல்றாங்க."

எடுக்காதீர்கள். பேனல் ஷாக் கேள்வியில் 3 கிலோவாட்டுக்கு 11 மில்லி ஆம்பியர் கசிவு என்று பார்த்தோம். அதே கணக்கில் 5 கிலோவாட்டுக்கு 18. பேனல் நனைந்தால் கண்ணாடி மேலுள்ள தண்ணீரும் தகடு மாதிரி ஆகி, கசிவு இன்னும் கூடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் கசிவும் சேரும்போது விழாமல் எப்படி இருக்கும்?

தப்பு இணைத்த இடத்தில் இருக்கிறது. சோலார் லைனை வீட்டு ஆர்சிசிபிக்குக் கீழே சேர்த்திருப்பார்கள். அதற்கு மேலே, மெயின் பக்கம் சேர்த்து, சோலாருக்கென்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியரில் தனி ஆர்சிசிபி போடுங்கள். ஏ வகையா பி வகையா என்பதை இன்வெர்ட்டர் கையேடு சொல்லும், அதன்படி வாங்குங்கள். வீட்டு 30 மில்லி ஆம்பியர் அப்படியே வீட்டுக்காக இருக்கட்டும். டிசி பக்கத்தை இன்வெர்ட்டரே கண்காணிக்கிறது. கசிவு நிதானமாக 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலும், திடீரென்று 30 ஏறினாலும் அது தானாகப் பிரிந்துவிடும்.

"காலையில 'ஐசோலேஷன் ஃபால்ட்'னு காட்டுது, வெயில் ஏறினா தானா சரியாயிடுது. விட்டுடலாமா?"

விடக் கூடாது. லைனோடு சேருவதற்கு முன் ஒவ்வொரு காலையும் இன்வெர்ட்டர், பேனல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள காப்பை அளக்கிறது. எங்கேயோ வயர் உரிந்திருக்கிறது, பனி ஈரத்தில் அது எர்த்தைத் தொடுகிறது, காய்ந்ததும் விலகுகிறது. இந்த முதல் ஃபால்ட்டில் ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் சுற்றி வர இன்னொரு வழி இல்லை. இரண்டாவதாக வேறொரு இடத்திலும் உரிந்தால் நடுவிலுள்ள பேனல்கள் சட்டம் வழியாக ஷார்ட் ஆகும். டிசி தீப்பொறி ஏசி மாதிரி தானாக அணையாது. மாடியில் தீ பிடிப்பது இப்படித்தான்.

சிலர் பச்சை வயரைக் கழற்றி எச்சரிக்கையை நிறுத்திவிடுகிறார்கள். அது குற்றம் என்றே சொல்வேன். தளத்தில் தண்ணீரில் கிடக்கும் கனெக்டர், கிளாம்புக்கு அடியில் நசுங்கிய வயர், குழாய் முனையில் உரசும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். அப்புறமும் தெரியவில்லை என்றால், டெக்னீஷியன் ஃபால்ட் இருக்கும் நேரத்திலேயே இன்வெர்ட்டரைப் பிரித்துவிட்டு, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக வோல்ட் அளக்கட்டும். 6 பேனல், 300 வோல்ட் வரிசையில் பாசிட்டிவ் பக்கம் 100, நெகட்டிவ் பக்கம் 200 என்று நின்றால், பாசிட்டிவிலிருந்து இரண்டாவது பேனலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவேதான் கோளாறு.

"டிசி நெகட்டிவை எர்த் பண்ணிட்டா அந்த ஃபால்ட் போயிடுமா? கார்ல அப்படித்தானே இருக்கு?"

காரில் அது சரி. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் டிசி பக்கமும் ஈ.பி. லைனும் உள்ளே நேரடியாகத் தொடர்பில் இருக்கின்றன. நெகட்டிவை எர்த் செய்தால் லைன் கரண்ட் அந்த வழியாக மண்ணுக்கு ஓடும். இன்வெர்ட்டர் உடனே நிற்கும், அல்லது எரியும்.

"ஏசி பாக்ஸ்ல நியூட்ரலையும் எர்த்தையும் இணைச்சுட்டா எர்த் வேல்யூ சூப்பரா வருது. ஏன் வேண்டாங்கறீங்க?"

சூப்பராக வருவது டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தையும் சேர்த்து அளப்பதால். கம்பத்தில் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், வீட்டில் ஓடும் ஃபேன், லைட் எல்லாவற்றின் கரண்டும் அந்த இணைப்பு வழியாகப் பச்சை வயருக்கு வரும். பேனல் சட்டம், ஃப்ரிட்ஜ் கதவு, குளியலறை கீசர் என எல்லா உலோகத்திலும் ஃபேஸ் நிற்கும். ஆர்சிசிபிக்கு மேல் பக்கம் இணைத்திருந்தால் அதுவும் விழாது.

"பேட்டரி வெச்ச ஹைப்ரிட் போட்டிருக்கோம். கரண்ட் இல்லாதப்பவும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தினா விழுது. அப்ப பாதுகாப்பு இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை. டெஸ்ட் பட்டன் ஆர்சிசிபிக்கு உள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு தடையை இணைக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். ஆர்சிசிபியின் இயக்கம் சரி என்று மட்டும்தான் அது காட்டும்.

ஈ.பி. லைன் போனதும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தன்னை லைனிலிருந்து வெட்டிக்கொள்கிறது. பல மாடல்களில் நியூட்ரலும் சேர்ந்து வெட்டுப்படும். அப்போது டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த எர்த் தொடர்பு போய்விட்டது. பேக்கப் லைனில் ஒரு ஃபேஸ் வயர் கீசர் உடம்பைத் தொட்டாலும், மண் வழியாக நியூட்ரலுக்குத் திரும்ப வழி கிடையாது. ஆர்சிசிபி பேசாமல் இருக்கும். அதனால் அந்த நேரத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க இன்வெர்ட்டருக்குள் ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இருக்கும், அல்லது வெளியே வைக்கச் சொல்வார்கள். முந்தைய பதிலுக்கு இது முரண் இல்லை. அப்போது இன்வெர்ட்டர்தான் டிரான்ஸ்ஃபார்மரின் இடத்தில் இருக்கிறது, மூல இடத்தில் நியூட்ரலை எர்த் செய்வது எப்போதும் உள்ள முறை. ஈ.பி. வந்ததும் அந்த இணைப்பு பிரிந்தே ஆக வேண்டும். நியூட்ரலை வெட்டாமல் நேராக விடுகிற மாடல் என்றால் இந்த இணைப்பே தேவையில்லை, போட்டால் முந்தைய பதிலின் ஆபத்துதான்.

ஆகவே கையேட்டில் உள்ள வயரிங் படத்தையும், அந்த ரிலே செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பொருத்தியவரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு மெயினை அணைத்து, பேக்கப்பில் ஓடும்போது ஒரு சாக்கெட்டில் ஆர்சிசிபி டெஸ்டரைச் செருகி, ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் விடச் சொல்லுங்கள். அப்போது விழுந்தால்தான் சரி.